வெயிலும் நிழலும் யாருக்கு?

சித்திரை பிறந்தவுடன் நம்மவர் வீடுகள் பலவற்றில் ஒரு வாதம் எழுவதை வாசகர்கள் அறிவார்கள். பெங்களூரிலோ புனேயிலோ கடல் கடந்த நாடுகளிலோ வாழும் பிள்ளைகள், ஊரில் தங்கிவிட்ட பெற்றோரை நோக்கி, "அந்த வெயிலில் ஏன் வாடுகிறீர்கள்? இங்கே வந்துவிடுங்கள்" என்று அழைப்பர். பெற்றோரோ, "ஏரிக்கரையில் காலைநேரம் நடக்கும் சுகம் உங்கள் ஊரில் உண்டா?" என்று மறுமொழி கூறுவர். வீட்டுக்கு உள்ளே நடக்கும் வாழ்வு எவ்வூரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். மின்விசிறியும் தொலைக்காட்சியும் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. வாதம் எழுவதெல்லாம் வாசற்படிக்கு வெளியே உள்ள வாழ்வைப் பற்றியே. பிறந்த மாநிலத்தின் வெட்டவெளி தரும் இன்பம் மிகுதியா, இடர் மிகுதியா என்று இரு சாராரும் நிறுத்துப் பார்க்கின்றனர். இவ்வாறு நிறுத்துப் பார்ப்பது தகுமா, தகுமெனில் அந்தத் தராசை யார் கையில் கொடுப்பது என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் இன்பங்களைக் கூறுவோம். கூறுவதில் நமக்கு விருப்பம் உண்டென்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆரணி, போளூர், செஞ்சி, வந்தவாசி வட்டாரங்களில் பிறந்து வளர்ந்தோர்க்கு மார்கழி வைகறை எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டா. ஏரிநீரின் மேல் பனி புகைபோல் படர்ந்திருக்கும். கரையிலுள்ள பனைகளின் அடிப்பாகம் மறைந்து தலைகள் மட்டும் தெரியும். தை அறுவடை முடிந்தபின் வயல்வரப்பில் காலாற நடக்கலாம். செஞ்சிப் பக்கத்துப் பாறைக் குன்றுகள், யாரோ உருட்டி அடுக்கியவை போன்று, மாலை வெயிலில் செம்மை பூத்து நிற்கும். திருமலையில் பதினாறு அடிக்கும் குறையாத நேமிநாதர் திருவுருவைத் தொழுது, மேலும் ஏறி நின்று நோக்கினால் வயலும் ஏரியும் தோப்பும் மாறிமாறிக் கண்ணுக்கு எட்டும் தொலைவரை விரியும். மேற்கே ஜவ்வாது மலையின் கொல்லைகளில் சாமை விளையும். கிழக்கே சென்றால் கடல். நம் மாநிலத்தின் கடற்கரை 1,000 கிலோமீட்டருக்கும் மிகுந்த நீளமுடையது. நீலகிரியின் தொட்டபெட்டாவோ 2,637 மீட்டர் உயரம். காலையில் மணலில் வெறுங்காலோடு நின்றவர் அன்றிரவே மலையில் கம்பளி தேடும் வாய்ப்பு எல்லா மாநிலத்தார்க்கும் கிட்டுவதன்று.

பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொள்ளும் நம் வீடுகளில் மாலைப்பொழுது நீளமானது. முன்னாட்களில் அது திண்ணையிலும் வாசலிலுமே கழிந்தது. தண்ணீர் தெளித்த வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் பெரியவர்கள் அமர, குழந்தைகள் மண்ணில் விளையாடினர். பின்னர் மொட்டை மாடியில் பாய் விரித்து உறங்கினோம். பள்ளியில் சேரும் முன்பே விண்மீன் கூட்டங்களில் சிலவற்றை நாம் அறிந்தது பாட்டியார் விரல் நீட்டிக் காட்டியதனாலேயே. இவையெல்லாம் பணம் கொடாமல் பெற்ற இன்பங்கள்.

இனி இடர்கள். வேலூரும் திருத்தணியும் கோடைதோறும் நாளிதழில் இடம்பெறும் ஊர்கள். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. வேலூரார் அதைக் கேட்டுப் பெரிதும் வியந்திருக்கமாட்டார்கள். கடலோர ஊர்களில் அளவு குறைந்து காணப்படினும் ஈரக்காற்றில் வியர்வை உலராமையால் உடல் குளிர்வதில்லை. இரவிலும் புழுக்கம் நீங்குவதில்லை. ஐப்பசி பிறந்தால் புயல் அச்சம். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர்ப் பக்கத்து முந்திரித் தோப்புகளையும் பலாத் தோப்புகளையும் வேரோடு சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா புயல் காவிரிக் கழிமுகத்தின் தென்னைகளை முறித்தது. நம் வட்டாரம் கடலிலிருந்து தொலைவு என்று எண்ணியிருந்தோர்க்கு 2024 ஆம் ஆண்டின் ஃபெஞ்சல் புயல் விடையளித்தது. நவம்பர் 30 இரவு அது புதுச்சேரிக்கு அருகில் கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் வீடொன்று புதைந்து ஏழு உயிர்கள் மாண்டன. கடற்கரை இன்பத்தைப் பேசும் எவரும் 2004 டிசம்பர் 26 காலையை மறத்தல் இயலாது.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் கட்டுரை கற்பிக்கும் முறை ஒன்றை நமக்குப் பயிற்றுவித்தார்கள். கரும்பலகையின் நடுவே ஒரு கோடு. ஒருபுறம் நன்மைகள், மறுபுறம் தீமைகள். மாணவர் கூறக்கூற இருபுறமும் எழுதி, இறுதியில் எப்பக்கம் நீண்டிருக்கிறதோ அதன்படி முடிவுரை. வண்டிப் பயணம், வானொலி, பரீட்சை முதலியவற்றுக்கு அது பொருத்தமான முறையே. வாழும் நிலத்தை அவ்வாறு பிரிக்கப் புகுந்தால் கோடு நேராக விழுவதில்லை. வங்கக் கடலில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தை எப்பக்கம் எழுதுவது? புயலாக வந்து தோப்புகளை அழிப்பதும் அதுவே. மழையாக வந்து ஏரிகளை நிரப்புவதும் அதுவே. நம் மாநிலம் ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி இந்த வடகிழக்குப் பருவத்திலேதான் கிட்டுகிறது. 2018 இல் அம்மழை பொய்த்தபோது, அடுத்த கோடையில் சென்னையின் குடிநீருக்காக ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் தண்ணீர் ஏற்றிச் சென்றதைக் கண்டோம். சித்திரை வெயிலும் அத்தகையதே. வெயில் இல்லையேல் வடகமும் வற்றலும் இல்லை என்பது சிறு செய்தி. மரக்காணத்து உப்பளம் இல்லை, வந்தவாசிப் பக்கத்தில் கோரை உலராது, பாய் இல்லை என்பவை சிறு செய்திகள் அல்ல.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். நிலத்தை ஐந்திணையாகப் பகுத்தபோது இனிய நிலங்களை மட்டும் எண்ணிவிட்டு அமையாமல் பாலையையும் உடன்வைத்து எண்ணினர். இளங்கோவடிகளோ பாலையை வேறிடத்திலுள்ள நிலமாகக் காட்டவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வளம் குன்றிய காலத்து எய்தும் நிலைக்கே சிலப்பதிகாரத்தில் அப்பெயரைத் தருகிறார். இன்பம் தந்த அதே நிலமே துன்பமும் தருவதாகிறது. இந்த மாற்றத்துள் மழை வெயில்களின் பங்கு ஒருபுறமிருக்க, நம் பங்கும் உண்டு. மாநிலத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் இருப்பதாகக் கணக்கு. அவற்றுள் எத்தனை ஏரிகளில் இன்று பேருந்து நிலையமும் அரசு அலுவலகமும் குடியிருப்பும் நிற்கின்றன என்பதை ஒவ்வோர் ஊராரும் தத்தம் ஊரில் பார்த்துக்கொள்ளலாம். தோல் பதனிடும் தொழிலின் கழிவு கலந்த பாலாற்றைப் பற்றி எழுதத் தொடங்கினால் இவ்விதழின் பக்கங்கள் போதா.

நாம் பணியாற்றிய காலத்தில் எட்டாம் வகுப்புக்கு 'மழைக்காலம்' என்று ஒரு கட்டுரை கொடுத்தோம். பெரும்பாலோர் வானவில், காகிதக் கப்பல், தவளை ஒலி என எழுதியிருந்தனர். சூளையில் கல் அறுக்கும் பெற்றோரின் மகள் ஒருத்தி, மழை வந்தால் அறுத்துக் காயவைத்த பச்சைக் கல்லெல்லாம் கரைந்துவிடும், கரைந்த கல்லுக்குக் கூலி கிடையாது, ஆகையால் எங்கள் வீட்டில் மேகத்தைக் கண்டால் யாரும் பேசமாட்டார்கள் என்று எழுதியிருந்தாள். சூளை வேலை நடப்பதெல்லாம் வெயில் காலத்தில். ஆதலால் நாம் வீட்டுக்குள் ஒதுங்கும் மாதங்களே அக்குடும்பத்துக்குச் சோறு தரும் மாதங்கள்; கோடையிடையே நாம் வரவேற்கும் திடீர் மழையே அவர்களுக்கு இழப்பு. அக்கட்டுரைக்கு என்ன மதிப்பெண் இட்டோம் என்பது நினைவில் இல்லை. அந்த வரிகள் நினைவில் உள்ளன.

அநேகாந்தம் கற்ற நம்மவர், இருவர் கூற்றும் ஒவ்வொரு நோக்கில் மெய்யே என்று கூறி இவ்விடத்தில் அமைந்துவிடுவதுண்டு. நயங்கள் பல என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு நயமும் எவருடைய நிலையிலிருந்து கூறப்படுகிறது என்று வினவாமல் விட்டுவிட்டால், அவ்வுயர்ந்த கொள்கை வாதத்தை முடித்துக்கொள்ளும் ஓர் எளிய வழியாகத் தாழ்ந்துவிடும். பிள்ளைகளும் பெற்றோரும் நடத்தும் வாதத்தில் இருசாராருமே வெளியே செல்வதும் செல்லாதிருப்பதும் தம் விருப்பத்தில் உள்ளவர்கள். ஏரிக்கரையில் ஆறு மணிக்கு நடந்து, ஏழு மணிக்கு வீடு திரும்பி, பகல் முழுதும் சன்னலை அடைத்து அமர்ந்திருப்போர் தமிழகத்தின் வெளி இனியது என்று கூறுவதிலும், குளிர்ந்த ஊரில் இருந்துகொண்டு அது கொடியது என்று கூறுவதிலும் வேறுபாடு பெரிதன்று. காலை எட்டு மணிக்கு ஏரியில் நூறுநாள் வேலைக்கு மண்வெட்டியோடு இறங்குபவரையும், உப்பளத்தில் கண் கூச நிற்பவரையும், தார்ச்சாலை போடுபவரையும் கேட்டபின்பே அத்தராசின் முள் எங்கு நிற்கிறது என்று சொல்லமுடியும்.

'அவர்களுக்கு வெயில் பழகிவிட்டது' என்று கற்றோரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது நமக்கு உடன்பாடன்று. உடல் பழகுவதற்கு ஓர் எல்லை உண்டு; அவ்வெல்லையைக் கடந்தால் மயக்கமும் மரணமும் நேர்கின்றன. 2024 ஆம் ஆண்டில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தோர் குடும்பத்துக்கு உதவித்தொகையும் வகுத்ததற்கு அதுவே காரணம். வேறு சிலர், உழைப்பும் ஒருவகைத் தவமே என்று போற்றுவர். துறவிகள் பொறுக்கவேண்டிய இருபத்திரண்டு பரீஷகங்களுள் வெப்பமும் ஒன்று என்பது மெய்யே. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் சித்தன்னவாசலிலும் வெறும் பாறையில் படுத்திருந்த முனிவர்கள் அதனைத் தாமே வேண்டி ஏற்றனர். வேறு வழியின்றிக் கூலிக்காக வெயிலில் நிற்பவரின் துன்பத்துக்குத் தவம் என்று பெயர் சூட்டுவது அவரையும் அவமதிக்கும், தவத்தையும் அவமதிக்கும்.

அவ்வாறாயின், பிறர் வெயிலில் வாட, நாம் நிலவொளியை நுகர்வதே குற்றமா என்று வாசகர் வினவலாம். இக்கேள்வி எளிதாகத் தள்ளத்தக்கதன்று. நாம் மாடியில் உறங்காமல் அறையைப் பூட்டிக்கொண்டு உறங்கினால் சூளைத் தொழிலாளிக்கு ஒரு விரற்கடை நிழலும் கூடப்போவதில்லை. இன்பத்தைத் துறப்பதால் மட்டும் பிறர் துன்பம் குறைவதில்லை. குற்றம் இருப்பது நுகர்வதில் அன்று. தாம் நுகரும் வெளியைப் பிறருக்கு மறுப்பதில்தான். அறைகளைக் குளிர்விக்கும் எந்திரம் அறையின் வெப்பத்தைத் தெருவில் கொட்டுகிறது என்பதைக் கவனித்தவர் எத்தனை பேர்? அதன் பின்புறம் நின்று பார்த்தால் தெரியும். தெருவுக்கு அப்பக்கம் இஸ்திரி வண்டிக்காரர் நின்றுகொண்டிருப்பார்.

பெண்களுக்கு இந்த வெளி மறுக்கப்பட்ட கதை தனியே எழுதத்தக்கது. நம் தலைமுறைப் பெண்கள் பலர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குப் பின் ஏரிக்கரையைத் தனியே கண்டதில்லை. ஆசிரியப் பயிற்சிக்குச் சென்றவர்களுக்குத்தான் தோட்டக்கலைப் பாடத்தின் பெயரால் மண்வெட்டி பிடித்து வெயிலில் நிற்கும் உரிமையே கிடைத்தது. அதை இன்பம் என்றே கருதினோம் என்று கூறினால் இக்காலத்துப் பெண்கள் நகைக்கக்கூடும். 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபின், காரணமின்றி வெளியே சென்று வரும் முதிய பெண்களைக் காண்கிறோம். காரணமின்றி என்பதே அதன் சிறப்பு. ஆயினும் கடற்கரைக்கோ மலைக்கோ செல்லும் பெண்கள் புறப்படும் முன் தண்ணீர் குடிக்கத் தயங்குகின்றனர். ஏன் என்று பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆண்களும் நகராட்சி உறுப்பினர்களும் வீட்டில் கேட்டறிவாராக.

இன்பமே இடராக முடிவதும் உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றத்துக்குச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், பெரும்பாலோர் இளையோர். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் ஏறும் ஊர்திகளின் பெருக்கம் கண்டு, 2024 மே மாதம் முதல் முன்பதிவுச் சீட்டு முறையை உயர்நீதிமன்றம் ஏற்படுத்தச் செய்தது. மலைவாழ் மக்களின் குடிநீரும் சாலையும் விருந்தினர்க்கே போதாமற் போனதே காரணம். நம் முனிவர்களின் கற்படுக்கைகள் மேல் தம் பெயரையும் காதலியின் பெயரையும் செதுக்கிச் செல்வோரும் வெளியின் இன்பத்தை நாடி வந்தவர்களே என்பதைச் சொல்லியாக வேண்டும்.

வெளியைக் காத்தவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அங்கேயே வாழ்ந்து அதன் இன்பம் இடர் இரண்டையும் ஏற்றுக்கொண்டவர்களாகவே இருக்கின்றனர். வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடக்கூடாதென்று அவ்வூரார் வேண்ட, ஆங்கிலேய ஆட்சியினர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதற்கு ஆணை வழங்கினர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை ஊரார் அறிந்திருந்தனர் என்பது மெய்யே. பயன் கருதிய அன்பு அன்பாகுமா என்று கேட்போர், சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டிக்குச் சென்று பார்க்கலாம். அங்கே வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் அஞ்சாதிருக்கவேண்டித் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பண்டிகையன்று ஓசை கேளாத அவ்வூர்ச் சிறுவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டியில் பழந்தமிழ்க் கல்வெட்டும் சமணர் படுக்கையும் தீர்த்தங்கரர் சிற்பமும் உள்ளன. 2022 இல் அது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளிட்ட நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க ஏலம் முடிந்தபோது, எதிர்த்துத் தெருவில் இறங்கியோர் அச்சுற்றுவட்டாரத்து உழவர்களும் பெண்களுமே. 2025 சனவரியில் ஏலம் நீக்கப்பட்டது. அப்படுக்கைகளில் ஓய்வெடுத்த துறவிகளின் சமயத்தைச் சேர்ந்த நம்மில் எத்தனை பேர் அங்கே சென்று நின்றோம் என்பதைச் சமூகச் சங்கங்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

ஆகவே, குளிர்ந்த ஊருக்குச் செல்வது குற்றம் என்று நாம் கூறவில்லை. மூட்டுவலியும் மூச்சிரைப்பும் உடையோர்க்குக் கோடையைத் தாங்கும் கடமை யாரும் விதிக்கவில்லை, செல்வோர் செல்லட்டும். பிள்ளைகளிடம் பேசும்போது 'நம் மாநிலம் வாழத் தகுதியற்றது' என்ற சொல்லை மட்டும் தவிர்க்க வேண்டுகிறோம். அதனை அவர்கள் பேரக்குழந்தைகளிடம் சொல்வார்கள். தங்குவோர்க்கும் ஒரு வேலை உண்டு. வீட்டில் கட்டட வேலை நடந்தால் பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை ஆட்களை நிறுத்திவைத்து, முழு நாட்கூலி கொடுக்கலாம். மேஸ்திரி மறுப்பார், வேலை இரண்டு நாள் நீளும், செலவு கூடும். கூடட்டும்.

இன்னொன்று திண்ணை. வழிப்போக்கருக்கென்று வீட்டின் முகப்பில் நிலம் ஒதுக்கிய வழக்கம் நம் கண்முன்னேயே மறைந்தது. இப்போது எல்லா வீட்டுக்கும் மதிலும் இரும்புக் கதவும் உள்ளன. நண்பகலில் சிலிண்டர் கொண்டுவருபவர் கைப்பேசியில் வந்த எண்ணை நாம் தேடிச் சொல்லும்வரை கதவுக்கு வெளியே வெயிலில் நிற்கிறார். அஞ்சல்காரரும், தெரு பெருக்கும் அம்மாளும் அவ்வாறே. மதிலை ஒட்டி வெளிப்புறத்தில் இருவர் அமரத்தக்க மேடையும், மேலே ஒரு சாய்ப்பும், பக்கத்தில் ஒரு பானைத் தண்ணீரும் அமைக்கலாம் என்று தெருவார் சிலரிடம் கூறினோம். வடிகால் மேல் கட்டினால் நகராட்சி இடித்துவிடும் என்றார்கள். உண்மைதான். மதிலை மூன்றடி உள்ளே தள்ளிக் கட்டினால் இடிக்கமாட்டார்கள் என்று மேஸ்திரியைக் கேட்டு உறுதி செய்துகொண்டோம். கார் நிறுத்த இடம் சற்றுக் குறையும்.